போல்ட்டுக்கு அடியில் இருந்த சிவப்பு

அகுட்சு சிஸாட்டோவின் வெள்ளை வண்டி டோ லாரியின் முதுகில் ஏறி வந்து வாசலில் நின்றபோது, நுமாவோவுக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோஷம்.

பதினான்கு வருடமாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவன் அவன். முப்பது வயதை நெருங்கும் இரண்டு கதவு டர்போ வண்டி. உட்சுனோமியா நகரின் எல்லையில் இருந்த அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் அதன் கிளட்ச் இரண்டு முறை மாறியிருக்கிறது. இன்ஜின் ஒரு முறை முழுதாக இறங்கி ஏறியிருக்கிறது. அகுட்சுவுக்கு நாற்பத்து மூன்று வயது. நகராட்சிக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வருவாள். வேலை முடியும்வரை டின் காபியும் கையுமாக ஆபீஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆய்வகத்தில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நுமாவோ ஐம்பத்தொரு வயதுக்காரன், விவாகரத்தானவன். அவள் வரும் நாளில் மட்டும் அவன் துவைத்த ஓவரால் போடுவதை அவன் அக்கா ஃபுமியே கவனித்திருந்தாள். ஒர்க்‌ஷாப்பின் ஆபீஸ் வேலை முழுவதும் ஃபுமியேயின் கையில்தான். அவள் கண்ணுக்குத் தப்புவது குறைவு.

போன ஏப்ரலில் வண்டியின் இன்ஜினை நடத்தும் பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனது. உள்ளே இருந்த சின்னச் சின்ன மின்தேக்கி டப்பிகள் கசிந்து, பலகையையே அரித்துவிட்டிருந்தன. புதிதாக எங்கும் கிடைக்காது. “பழசு ஒண்ணு தேடித் தர்றேன்” என்றான் நுமாவோ. தேடினான் என்றும் சொல்லலாம், தேடவில்லை என்றும் சொல்லலாம். வண்டி நான்கு மாதம் அவன் கொட்டகையிலேயே நின்றது. அகுட்சு வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆகஸ்டில் அவள் வந்து, தலையைக் குனிந்தபடி சொன்னாள். கவகோயேயில் மொரோஹாஷி என்று ஒருவர், லேப்டாப்பை வைத்து இன்ஜினைச் சீர்செய்கிறவர். பழைய வண்டிகளுக்கு வேறு கம்பெனி செய்த கம்ப்யூட்டர் பொருத்துவதில் கெட்டிக்காரர். அங்கே கொண்டுபோகப் போகிறாள்.

“நல்லது” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நுமாவோ பக்கத்தில் நின்ற வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் போகும்வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு ஆயில் மாற்றவும் அவள் வரவில்லை.

மொரோஹாஷிக்கு முப்பத்தாறு வயது. அவன் போடும் வீடியோக்கள் எல்லாவற்றையும் நுமாவோ பார்த்துவிட்டான். ஒரு விடுமுறை நாளில், டயர் வாங்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் ஓட்டிக் கவகோயே போய், எதிர்ச் சாரியில் வண்டியை நிறுத்தி, அந்தக் கடையையும் பார்த்துவிட்டு வந்தான். வெள்ளைத் தரை. ஒரு சொட்டு ஆயில் இல்லை. டயர் வாங்காமல் திரும்பியதற்கு ஃபுமியே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனைக் குடைந்தது.

இப்போது அந்த வண்டி திரும்ப வந்திருக்கிறது. தானாக ஓடி வரவில்லை, சுமக்கப்பட்டு வந்திருக்கிறது.

“என்னாச்சு?” என்றான்.

அகுட்சு டோ லாரியிலிருந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது. “ஞாயித்துக்கிழமை அப்பாவக் கூட்டிக்கிட்டு இரோஹா மலைக்குப் போனேன், இலையெல்லாம் செவந்திருக்கறதப் பாக்கறதுக்கு. மேல ஏறவே மூணு மணி நேரம். அவ்ளோ கூட்டம். உச்சிக்குக் கிட்டக்க அந்தச் சுரங்கப் பாதைக்குள்ள போறப்ப இன்ஜின் அப்படியே செத்துப் போச்சு. பின்னாடி டூரிஸ்ட் பஸ். பிரேக் போட்ட சத்தத்துல அப்பா மூச்சே விடல.”

“அடி ஏதாச்சும்?”

“இல்ல. ஒரு கை அளவு இடைவெளில நின்னுட்டான் அந்த டிரைவர். அப்பா வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரே வார்த்தை. வித்துடுங்கறாரு.” அவள் வண்டியின் பானட்டில் கை வைத்தாள். “மொரோஹாஷி சான்கிட்ட போன்ல சொன்னேன். உடனே நுமாவோ சான்கிட்டக் கொண்டு போங்க, அவருதான் பாக்கணும்னாரு. லேப்டாப் ஒண்ணும் கூரியர்ல அனுப்பினாரு, வண்டிக்குள்ளயே இருக்கு. மொரோஹாஷி சான் சொன்னாரு, அதை மாட்டினா இன்ஜின் என்ன நினைக்குதுன்னு எல்லாம் தெரியுமாம். மொரோஹாஷி சான்…”

அந்தப் பெயர், மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து, மூன்று தடவை, என்று நுமாவோ மனதுக்குள் எண்ணினான்.

“வெச்சிட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள பாத்துடறேன்.”

அவள் பேருந்தைப் பிடிக்க ஓடியதும் ஃபுமியே ஆபீஸ் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். “என்னடா, வாயெல்லாம் பல்லா இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“வண்டி நின்னுபோனதுக்கு இவ்ளோ சந்தோஷப்படற மெக்கானிக்க நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“அந்தப் பய வேலை என்ன லட்சணம்னு இப்பத் தெரியும் பாரு” என்று சொல்லிக்கொண்டே அவன் பயணி இருக்கையின் கால்பக்க மூடியைக் கழற்றினான்.

உள்ளே கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. அதிலிருந்து கிளம்பிய வயர்கள் ஒவ்வொன்றிலும் குட்டிச் சீட்டு ஒட்டி, எது எங்கே போகிறது என்று எழுதியிருந்தது. வயர்களைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டிகளின் வால்கள் எல்லாம் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. விரலை விட்டுத் தடவினாலும் கீறவில்லை. உராயக்கூடிய இடங்களில் துணி நாடா சுற்றியிருந்தது. நுமாவோ டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கனெக்டரில் வயர் முனைகளின் உலோகப் பின்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஒன்று லூசாக இருக்க வேண்டும். ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் இழுத்தான். குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அவனாக இருந்தால் இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பானா? அந்தக் கேள்வி வந்ததுமே மூடியை எடுத்துத் தரையில் எறிந்தான்.

“சத்தம் என்ன?” என்றாள் ஃபுமியே உள்ளிருந்து.

“மூடி வழுக்கிடுச்சு.”

“எவ்ளோ தூரம் வழுக்குச்சு?”

லேப்டாப்பை மாட்டி இன்ஜினை ஓடவிட்டான். திரையில் எண்கள் ஓடின. பாதி என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்தவற்றில் ஒன்று, தண்ணீரின் சூடு. எழுபது, எழுபத்தைந்து, எண்பது. இன்ஜின் சீராகப் பாடிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்பதைத் தொட்டதும் ரேடியேட்டர் ஃபேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதே நொடியில் எண் தொண்ணூற்றெட்டுக்குத் தாவியது.

நுமாவோ நிமிர்ந்தான்.

இந்த லேப்டாப் சமாசாரம் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். தண்ணீரைத் தெரியும். ஆறு லிட்டர் தண்ணீர் ஒரே நொடியில் ஒன்பது டிகிரி சூடாகாது. அதுவும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும்போது ஏறாது, இறங்கும். அப்படியென்றால் சூடு ஏறவில்லை. கம்ப்யூட்டர் நிற்கும் தரை ஆடுகிறது. ஹெட்லைட்டைப் போட்டான். நூற்றொன்று. ஹீட்டரின் விசிறியையும் முழுக்கத் திருப்பினான். இன்ஜின் ஒரு தும்மல் தும்மி அணைந்தது.

எர்த். கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி.

பேட்டரியின் நெகட்டிவில் மல்டிமீட்டரின் ஒரு முனையை வைத்தான். மறு முனையைக் கம்ப்யூட்டரின் எர்த் வயரில் வைத்து, இன்ஜினைத் திரும்ப ஓடவிட்டு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தான். இடையில் கிட்டத்தட்ட முக்கால் வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. ஒன்றுமே தொலையக் கூடாத இடம் அது. மொரோஹாஷி பொருத்திய வயரின் கடைசிவரை போய்ப் பார்த்தான், சரியாக இருந்தது. அதற்கு அப்பால் இருப்பது வண்டியோடு பிறந்த வயர்கள். அவை நான்கும் ஒன்றாகச் சேர்ந்து, இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் அலுமினிய மேனிஃபோல்டின் பின்புறம் ஒரே போல்ட்டில் முடிகின்றன. கண்ணாடியைக் கம்பியில் மாட்டி உள்ளே நீட்டினான்.

போல்ட்டின் தலையில் மஞ்சள் கோடு.

முறுக்கி முடித்த போல்ட்டில் மஞ்சள் பேனாவால் கோடு போடுவது அவன் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் இன்ஜினை இறக்கி ஏற்றியபோது அவன் கையால் போட்ட கோடு அது.

போல்ட்டைக் கழற்றினான். அடியில் வெறும் அலுமினியம் இல்லை. சிவப்பு பெயிண்ட். அந்த மேனிஃபோல்டை அவள் கேட்காமலே, சொல்லாமலே, நாலு அடுக்கு பெயிண்ட் அடித்து, சூளையில் வைத்து எடுத்துப் பொருத்தியவன் அவன்தான். பானட்டைத் திறந்து பார்த்த அன்று அவள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அவன் மூன்று வருடமாக அவ்வப்போது மனதுக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எர்த் உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டிவிட வேண்டும் என்பது முதல் வருடம் வேலை கற்கிறவனுக்கும் தெரியும். மறந்திருக்கிறான். வயர் போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ ஒட்டிக்கொண்டு காலம் ஓட்டியிருக்கிறது. நெரிசலில் சில சமயம் இன்ஜின் திணறுது என்று அவள் அப்போதே சொன்னாள். வயசான வண்டி, கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று இவன்தான் சிரித்தான்.

ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லை. ஃபுமியே சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். நுமாவோ உப்புத்தாள் எடுத்துச் சிவப்பைச் சுரண்டினான். அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, ஓடவிட்டான். ஃபேன், விளக்கு, ஹீட்டர் எல்லாம் போட்டும் எண் அசையவில்லை. இன்ஜினும் திணறவில்லை. புதுக் கோடு போட மஞ்சள் பேனாவை எடுத்தவன், அதைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது.

“நுமாவோ சானுங்களா? கவகோயே மொரோஹாஷி பேசறேன். தொந்தரவு பண்ணறேன், மன்னிக்கணும். வண்டியப் பாத்தீங்களா?”

குரல் வீடியோவில் கேட்டதைவிட இளமையாக இருந்தது. மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் நுமாவோவுக்கு எரிச்சலாக இருந்தது.

“பாத்தேன். பாத்து முடிச்சும் ஆச்சு.”

“என்னங்க பிரச்சினை?”

“உங்க பெட்டிக்குப் போற கனெக்டர்ல ஒரு பின் லூசா இருந்துச்சு.”

சொல்வதற்கு முன்னால் அவன் அதை யோசிக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

“அப்படிங்களா.” குரல் தாழ்ந்திருந்தது. “என் தப்புங்க. ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்தோம்னுதான் நினைச்சேன். அவங்க அப்பா வேற கூட இருந்தாரு… நான் இப்பவே அகுட்சு சான்கிட்டப் பேசி மன்னிப்பு கேட்டுடறேன். உங்களுக்கு வீண் வேலை வெச்சுட்டேன்.”

“பரவால்ல” என்றான் நுமாவோ. போனை வைத்தான். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தான். அதற்குப் பதில் இன்னொரு எரிச்சல் வந்து சேர்ந்தது. ஒரு தப்பைத் தலையில் தூக்கிப் போட்டால், இவனால் அதைக்கூட எவ்வளவு அழகாக வாங்கிக்கொள்ள முடிகிறது!

ஃபுமியே வாங்கி வந்த கியோஸா கொழுக்கட்டை ஆறிப்போய்க் கிடந்தது. “என்னடா, சாப்பிடல?”

“பசிக்கல.”

“காலைல பல்லு தெரிஞ்சுது. இப்ப அதையும் காணோம்” என்று அவள் பெட்டியை மூடினாள்.

ஐந்தரை மணிக்கு அகுட்சு வந்தாள். நுமாவோ இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினான். ஃபேன் ஓடியது, விளக்கு எரிந்தது, சீராக நின்றது. அவள் முகம் மலரவில்லை.

“மொரோஹாஷி சான் போன் பண்ணினாரு. பின் லூசாம், அவரு தப்பாம். நாலு தடவை மன்னிப்பு கேட்டாரு. அப்பாகிட்டயும் பேசணும்னாரு.” அவள் கைப்பையைத் திறந்தாள். “ஆனா எனக்கு ஒண்ணு புரியல, நுமாவோ சான். செப்டம்பர்ல வண்டிய எடுக்கறப்ப அவரு வேற என்னமோ சொன்னாரு. இன்ஜின் பக்கம் எர்த்து சந்தேகமா இருக்கு, அது நுமாவோ சான் கட்டின இன்ஜின், அவருகிட்ட கேக்காம நான் கை வெக்கறது மரியாதை இல்ல, இதை அவருகிட்டக் குடுங்கன்னு ஒரு கடுதாசி குடுத்தாரு. ஊருக்குள்ள ஓட்டறதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா சீக்கிரமாக் காட்டுங்கன்னாரு.”

“குடுக்கலையே நீங்க.”

“குடுக்கல.” அவள் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். “எப்படி வருவேன்? அன்னிக்கு நீங்க அந்த வேனுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டீங்க. உங்க ஷூவப் பாத்துக்கிட்டே பத்து நிமிஷம் நின்னேன். இன்னொருத்தரு வேலை செஞ்ச வண்டிய எடுத்துக்கிட்டு, அவரு எழுதின சீட்டையும் எடுத்துக்கிட்டு, உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப் போட்டேன். அப்பறம் அந்தச் சுரங்கம்.”

நுமாவோ கடிதத்தை வாங்கிப் பிரித்தான். ஒரே பக்கம். முதல் வரியில், இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய இன்ஜினைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில், மேனிஃபோல்டின் பின்னால் இருக்கும் எர்த் போல்ட்டை நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தது. பெயிண்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு வரியையும் அவன் மூன்று முறை படித்தான்.

“பின் லூசா இல்ல” என்றான்.

அகுட்சு கைப்பையை மூடினாள்.

“எர்த்துதான். நான் சிவப்பு பெயிண்ட் அடிச்சேன் இல்ல, அந்த போல்ட்டுக்கு அடியில சுரண்டாம விட்டுட்டேன். மூணு வருஷமா அப்படியே இருந்திருக்கு. பழைய கம்ப்யூட்டர் சகிச்சுக்கிட்டு ஓட்டுச்சு. புதுசு சகிச்சுக்கல. சுரங்கத்துக்குள்ள வண்டி நின்னது என்னாலதான். அந்தப் பையனால இல்ல.”

ஆபீஸுக்குள் ஃபுமியேயின் கீபோர்டு சத்தம் நின்றது.

அகுட்சு அழவும் இல்லை, கத்தவும் இல்லை. “மறந்துட்டீங்க. சரி. யாருக்கும் மறக்கும்” என்றாள் மெதுவாக. “ஆனா அவர மன்னிப்பு கேக்க விட்டீங்களே.”

“ஆமா.”

“ஏன்?”

அவனிடம் பதில் இருந்தது. பதினான்கு வருடமாக இருந்தது. அதில் பாதியைத்தான் அவனால் சொல்ல முடிந்தது. “பொறாமை. நீங்க அவரு பேர எத்தனை தடவ சொல்றீங்கன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன், அவ்ளோ பொறாமை.”

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, “அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஃபுமியே வெளியே வந்தாள். கிண்டல் செய்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் போனை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மொரோஹாஷி முதல் மணியிலேயே எடுத்தான். நுமாவோ சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். பிறகு, “நீங்கதான் எர்த்துன்னு கண்டுபிடிச்சிருந்தீங்களே, ஏன் தம்பி அப்படி மன்னிப்பு கேட்டீங்க?” என்றான்.

“நான் கண்டுபிடிக்கல, சந்தேகம்தான் பட்டேன். நீங்க நேர்ல பாத்தவரு. பின்னுன்னு நீங்க சொன்னதும், அப்ப நான் நினைச்சது தப்புன்னு எடுத்துக்கிட்டேன்.” “மத்தியானத்துல இருந்து இதுக்கு முன்னாடி நான் வேலை செஞ்ச வண்டிக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுக்கிட்டு இருக்கேன், பின்னைத் திரும்பப் பாக்கணும்னு. பதினோரு பேருக்குச் சொல்லியாச்சு.”

நுமாவோ ஸ்டூலில் உட்கார்ந்தான். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. “மன்னிச்சுக்குங்க” என்றான். அந்த வார்த்தை வாயில் புதிதாக இருந்தது.

“கோவம் இல்லாம இல்ல, நுமாவோ சான்” என்றது குரல். முதல்முறையாக அதில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. “அந்தப் பதினோரு பேருக்கும் திரும்பப் போன் போடணும் இப்ப. ஞாயித்துக்கிழமை வர்றேன். எர்த்து சரியானதால அந்தப் பெட்டிக்குள்ள நான் முன்னாடி போட்ட கணக்கு எல்லாமே தப்பாயிருக்கும். முதல்ல இருந்து போடணும்.”

ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைவள்ளிக் கிழங்கு மிட்டாய்ப் பெட்டியோடு வந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கை நகத்தில் அழுக்கோடு இருந்தான். அழுக்கைப் பார்த்ததில் நுமாவோவுக்குச் சின்ன ஆறுதல். மிட்டாயை ஃபுமியே வாங்கிக்கொண்டு, “எங்க ஆளு சாப்பிட மாட்டான், தொண்டைல சிக்கும்” என்றாள். மொரோஹாஷி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தலை குனிந்தான்.

வண்டியை ஓட்டியது அகுட்சு. பக்கத்து இருக்கையில் மடியில் லேப்டாப்போடு மொரோஹாஷி. “நீங்களும் வாங்க, ஏதாச்சும் கழட்ட வேண்டி வந்தா வேணும்” என்றாள் அவள், நுமாவோவின் முகத்தைப் பார்க்காமல். பின் இருக்கை பெயருக்குத்தான் இருக்கை. முழங்கால் தாடையைத் தொட, தலை கூரையில் இடிக்க, நுமாவோ மடங்கி உட்கார்ந்தான். கினு ஆற்றங்கரைச் சாலையில் மேலும் கீழுமாகப் போனார்கள். முன்னால் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டன.

“மூணாவது கியர்ல வெச்சு மெதுவா ஏத்துங்க. இன்னும். இன்னும். விடுங்க.”

“இப்ப?”

“இருங்க, மாத்தறேன்… ம், இப்ப மிதிங்க.”

அவள் மிதித்தாள். வண்டி நடுவில் ஒரு திணறலும் இல்லாமல், ஒரே இழுப்பாக, ஆற்றை ஒட்டிப் பாய்ந்தது. பதினான்கு வருடத்தில் அது ஒரு நாளும் அப்படிப் போனதில்லை. நுமாவோவின் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. அகுட்சு வாய்விட்டுச் சிரித்தாள். அவனுடைய ஆபீஸ் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. தொண்டையின் அடியிலிருந்து, வெட்கமில்லாமல் வந்த சிரிப்பு. அதை இவன் வரவழைக்கவில்லை என்பது அவன் நெஞ்சில் சூட்டுக்கோல் வைத்ததுபோல் இருந்தது. இன்ஜினைக் கட்டியவன் நான், என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். உதவவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினாள். மொரோஹாஷி கழிப்பறைக்குப் போனான். இருவரும் பானட்டில் சாய்ந்து நின்றார்கள்.

“அப்பா விக்கச் சொல்றத நிறுத்திட்டாரு” என்றாள் அகுட்சு. “நடந்ததச் சொன்னேன். அவரு கம்பெனில நாப்பது வருஷம் வெல்டிங் பண்ணினவரு, அங்கயும் பெயிண்ட்டச் சுரண்டித்தான் எர்த்து மாட்டணும். பெயிண்ட்டுன்னு சொன்னதும் சிரிச்சுட்டாரு.”

“நீங்க?”

“எனக்கு இன்னும் கோவம் தீரல.”

“சரி.”

“சரின்னா?”

“தீர்ற வரைக்கும் வேற எடத்துல ஆயில் மாத்திக்குங்க. அப்பறம் எப்ப வந்தாலும் வேனுக்கு அடியில படுத்துக்க மாட்டேன்.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை; ஆனால் பார்வையை உடனே எடுக்கவும் இல்லை. “டிசம்பர்ல பனி டயர் மாத்தணும்” என்றாள். “கவகோயே தூரம்.”

மொரோஹாஷி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “நுமாவோ சான், திரும்பறப்ப நீங்க முன்னாடி உக்காந்து நம்பரப் படிச்சுச் சொல்றீங்களா? ஓடற வண்டில திரையையே பாத்தா எனக்குத் தலை சுத்துது” என்றான்.

நுமாவோ லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அகுட்சு சாவியைத் திருப்பினாள். பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தவனிடம் அவள் ஏதோ கேட்டாள், அவன் பதில் சொன்னான், அவள் மறுபடி சிரித்தாள். நுமாவோ பல்லைக் கடித்துக்கொண்டு திரையில் ஓடிய முதல் எண்ணை உரக்கப் படித்தான்.